சடப்பொருளின் அலையியல்பும் அதன் எல்லையும்: ஒரு வரலாற்று நோக்கு

இலத்திரன் துணிக்கையாகவும் அலையாகவும் ஒழுகுகின்றது என்பதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். இவ்வியல்பு கல்லுக்கும் பந்துக்கும் உண்டா என்ற வினாவையோ பாடநூல்கள் ஒரு கணக்கோடு முடித்துவிடுகின்றன. சடப்பொருள் பற்றிய மெய்யியல் விவாதத்தோடு நேரடித் தொடர்புடைய அவ்வினாவின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாக நோக்குவோம்.

1924 ஆம் ஆண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்திற்குச் சமர்ப்பித்த ஆய்வேட்டில் லூயி டி புரோக்லி, பிளாங்கின் மாறிலியைப் பொருளின் உந்தத்தால் வகுக்க அதன் அலைநீளம் பெறப்படும் என்றார். தேர்வாளருள் ஒருவரான லான்ஜவன் அவ்வேட்டை ஐன்ஸ்ரைனுக்கு அனுப்பினார்; அவரது ஆதரவே அக்கருத்தினை அறிஞர் கவனத்திற்குக் கொண்டுவந்தது. அச்சமன்பாடு பொருளின் பருமனுக்கு எவ்வித வரம்பும் விதிக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

1927 இல் நியூயோர்க்கில் டேவிசனும் ஜேர்மரும், அபடீனில் ஜி. பி. தொம்சனும் இலத்திரன்களின் கோணலைக் கண்டனர். இலத்திரனைத் துணிக்கையென நிறுவிய ஜே. ஜே. தொம்சனின் மகனே அதனை அலையென நிறுவியமை சுவையான முரணாகும். 1930 இல் ஹம்பேர்க்கில் ஸ்ரேர்ணும் எஸ்ரர்மானும் ஈலியம் அணுக்களிலும் ஐதரசன் மூலக்கூறுகளிலும் அதே விளைவைக் கண்டனர். 1933 இல் நாசி ஆட்சி ஏற்பட்டபின் இருவரும் ஜேர்மனியை விட்டு வெளியேற நேர்ந்தது.

இனிப் பாடநூற் கணக்கைப் பார்ப்போம். 160 கிராம் நிறையுள்ள கிரிக்கெட் பந்து செக்கனுக்கு 40 மீற்றர் வேகத்திற் செல்லுமாயின், மீற்றரிற் கூறப்படும் அதன் அலைநீளத்தில் தசமப்புள்ளியின்பின் 33 பூச்சியங்கள் வரும். அணுக்கருவும் அதனருகே மலையாகும். ஆகவே அலையியல்பு புலப்படாது என்பர். கணக்குச் சரி, விளக்கம் போதாது. 1999 இல் வியன்னாவில் சைலிங்கர், ஆண்ட் ஆகியோரின் குழுவினர் 60 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளின் தலையீட்டுக் கோலத்தைப் பெற்றனர். அவற்றின் அலைநீளமோ அவற்றின் விட்டத்தில் ஏறத்தாழ 400 இல் ஒரு பங்கே.

அவ்வாறாயின் தடையாவது யாது? 1935 இல் சுரோடிங்கர் தமது பூனை உவமையால் இச்சிக்கலை அம்பலப்படுத்தினார். 1961 இல் விக்னர் நோக்குவோனின் பிரக்ஞையையே முடிவுகாரணியாக்க முனைந்தார். கருத்துமுதல்வாதிகள் இதனை விருந்தாகக் கொண்டதில் வியப்பில்லை. ஆயின் 1970 இல் ஜேர்மானியரான செக், பெரும் பொருள் எதுவும் தன் சூழலிலிருந்து தனித்து நிற்பதில்லை எனச் சுட்டினார். மோதும் வளி மூலக்கூறுகளும் வெளிவிடப்படும் வெப்பக் கதிர்களும் பொருள் சென்ற பாதையின் தடத்தைச் சுமந்து செல்கின்றன. அதனால் தலையீடு மறைகின்றது.

இது வெறும் ஊகமன்று. 2004 இல் வெளியான வியன்னாப் பரிசோதனையில் 70 காபன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகள் லேசரினாற் சூடாக்கப்பட்டன. வெப்பநிலை ஏற ஏறக் கோலம் படிப்படியாக மங்கி அழிந்தது. மூலக்கூறு தானே உமிழ்ந்த ஒளியை எவரும் பார்த்திலர். பார்க்கவேண்டிய தேவையும் இருக்கவில்லை. பிரக்ஞை வாதத்திற்கு இதனினும் தக்க மறுப்பு வேறில்லை என்பதே நமது கருத்து.

2019 இல் ஏறத்தாழ 2,000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளிலும் அலையியல்பு காணப்பட்டது. எனினும், சாத்தியமான விளைவுகளுள் ஒன்றுமட்டும் ஏன் நிகழ்கின்றது என்பதற்குச் சூழல் விளக்கம் முழு விடையாகாது. 1986 இல் கிரார்டி, ரிமினி, வெபர் ஆகிய மூவரும் அலைச்சார்பு தானாகவே ஒடுங்குகின்றது எனவும், பொருள் பெருக்க ஒடுக்கமும் விரைவுறும் எனவும் முன்மொழிந்தனர். அது மெய்யாயின், சூழலை முற்றாக விலக்கினும் ஓரளவுக்கு மேற்பட்ட பொருளிற் கோலம் தோன்றாது. மூலக்கூறுகளின் திணிவைப் பரிசோதனையாளர் மேன்மேலும் கூட்டிச் செல்வதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.