நாயைக் கூட்டிக்கொண்டு ஒயின் தோட்டத்துக்குப் போகலாமா? கிளம்பும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

பெங்களூரு, மும்பை, புனேயில் வேலை பார்ப்பவர்களுக்கு வீக்எண்டில் ஒரு ஒயின் தோட்டத்துக்குப் போய்வருவது இப்போது சாதாரண விஷயம். வீட்டில் நாய் இருந்தால் மட்டும் ஒரு கேள்வி வரும்: அதை யாரிடம் விட்டுட்டுப் போவது? 'பெட் ஃப்ரெண்ட்லி' என்ற வார்த்தையைப் பார்த்ததும் பலர் அதையும் காரில் ஏற்றிவிடுகிறார்கள்.

ஏற்றலாம், தப்பில்லை. ஆனால் நாய்க்கு மிக ஆபத்தான பழங்களில் ஒன்று திராட்சை. நாம் போகும் இடம் முழுக்க இருப்பதும் அதுதான். அதனால் எந்த ஊர் என்பதோடு, எந்த மாதம், தோட்டத்தில் எந்தப் பகுதி, தட்டில் என்ன என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

எங்கே போகலாம்?

இந்தியாவில் ஒயின் சுற்றுலாவுக்கு இரண்டு பகுதிகள் முக்கியமானவை.

முதலாவது, மகாராஷ்டிராவின் நாசிக். மும்பையிலிருந்து சுமார் 170 கி.மீ. கோதாவரியில் கட்டப்பட்ட கங்காபூர் அணையைச் சுற்றிய பகுதியில்தான் சூலா, யார்க், சோமா போன்ற தோட்டங்கள் இருக்கின்றன. மகாராஷ்டிர அரசு 2001-ல் திராட்சை பதப்படுத்தும் தொழிலுக்கெனத் தனிக் கொள்கை கொண்டுவந்த பிறகு இந்தத் தொழில் அங்கே வேகமாக வளர்ந்தது. 'நாசிக் வேலி ஒயின்' புவிசார் குறியீடும் பெற்றிருக்கிறது. ஷெனின் பிளாங், சாவின்யோன் பிளாங், ஷிராஸ் ஆகியவை இங்கே அதிகம் பயிராகும் ரகங்கள்.

இரண்டாவது, பெங்களூருக்கு வடக்கே உள்ள நந்தி மலைப் பகுதி. தொட்டபள்ளாபூர் பக்கம் 1988-ல் தொடங்கிய க்ரோவர் தோட்டம்தான் இன்றைய க்ரோவர் ஜாம்பா. நகரத்திலிருந்து சுமார் 40 கி.மீ. என்பதால் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம்.

திராட்சை ஏன் நாய்க்கு ஆகாது?

திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்க வைக்கலாம். அமெரிக்காவின் விலங்கு விஷமுறிவு மைய மருத்துவர்கள் 2001-லேயே இதை எழுதினார்கள். எந்தப் பொருள் காரணம் என்பது மட்டும் ரொம்ப நாள் புரியாமல் இருந்தது. 2021-ல் சந்தேகம் டார்டாரிக் அமிலத்தின் மேல் விழுந்தது. திராட்சையில் இந்த அமிலம் அதிகம். நம்ம வீட்டுப் புளியிலும் அதிகம். அதனால் புளிக்குழம்பு சோறு, புளியோதரையையும் நாய்க்கு வைக்காமல் இருப்பது நல்லது.

இத்தனை பழம் வரை பரவாயில்லை என்று சொல்ல ஒரு பாதுகாப்பான அளவு கிடையாது. ஒரு நாய் நிறையத் தின்றும் தப்பிக்கும், இன்னொன்று கொஞ்சம் தின்றே படுத்துவிடும். விதை இருந்தாலும் இல்லாவிட்டாலும், கம்பம் பன்னீர் திராட்சையாக இருந்தாலும் ஒயின் ரகமாக இருந்தாலும் இது பொருந்தும். உலர் திராட்சையில் தண்ணீர் வற்றிவிடுவதால் குறைந்த அளவிலேயே ஆபத்து கூடும். ஒயின் என்றால் ஆல்கஹாலும் சேர்ந்துகொள்கிறது. நாய்க்கு அதுவும் விஷம்தான்.

இன்னொரு விஷயம், உயரம். கம்பம் பக்கம் கொடியைப் பந்தலில் ஏற்றுவார்கள், குலை தலைக்கு மேல் தொங்கும். ஒயின் தோட்டங்களில் பெரும்பாலும் கம்பி வேலியில் வரிசையாகப் படர விடுவார்கள். குலை நம் இடுப்பு உயரத்திலோ அதற்குக் கீழேயோ இருக்கும். அதாவது ஒரு லேப்ரடார் வாய்க்கு எட்டும் உயரம். உதிர்ந்த பழம் தரையிலும் கிடக்கும்.

எந்த மாதம் போவது?

ஐரோப்பாவில் திராட்சை அறுவடை ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை. இந்தியாவில் பெரும்பாலும் ஜனவரி முதல் மார்ச் வரை, சில இடங்களில் ஏப்ரலையும் தொடும். இங்கே கொடிக்கு வருஷத்தில் இரண்டு முறை கவாத்து செய்கிறார்கள். அறுவடை முடிந்து ஏப்ரல் வாக்கில் ஒன்று, மழை ஓயும் செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று. இரண்டாவது கவாத்துக்குப் பிறகுதான் பூவும் காயும் வரும்.

அதனால் மனிதர்களுக்கு நல்ல சீசனும் நாய்க்கு நல்ல சீசனும் வேறு வேறு. பழம் மிதிப்பதைப் பார்க்க, அறுவடையில் கலந்துகொள்ள பிப்ரவரிதான் சரி. அப்போது நாயை வீட்டில் விட்டுப் போங்கள். நாயோடு போக ஜூலை முதல் அக்டோபர் வரை பார்க்கலாம். கொடியில் பழம் இருக்காது, வெயிலும் குறைவு, நாசிக் பச்சைப் பசேலென்று இருக்கும். மழைக்காலத்தில் உண்ணி அதிகம் என்பதால் கிளம்பும் முன் அதற்கான மருந்தைப் போட்டுவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் மதிய வெயில் பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்குத் தாங்காது.

போனில் என்ன கேட்பது?

'பெட் ஃப்ரெண்ட்லி' என்பதற்கு ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு அர்த்தம். விதிகளும் அடிக்கடி மாறும். ஆன்லைன் ரிவ்யூவை மட்டும் நம்பாமல் போகும் வாரத்தில் போன் செய்து இந்த ஐந்தைக் கேளுங்கள்:

1. நாய் எதுவரை வரலாம்? புல்வெளி மட்டுமா, உணவக மேசை வரையா, தங்கும் அறையிலுமா?
2. எடை, இனம், எண்ணிக்கைக்கு வரம்பு உண்டா? தனிக் கட்டணம் எவ்வளவு?
3. ரேபிஸ் தடுப்பூசிச் சான்று காட்ட வேண்டுமா?
4. கொடிகளுக்கு மருந்து தெளித்தது எப்போது? பூஞ்சைக்கு மயில்துத்தம் கலந்த போர்டோ கலவை, கந்தகம் போன்றவற்றைத் தெளிப்பார்கள். இலையை நக்கினால் வயிற்றுக்குள் போகும்.
5. பக்கத்தில் கால்நடை மருத்துவர் எங்கே இருக்கிறார்?

ஆலைக்குள் சுற்றிப் பார்க்கும்போது நாயை வெளியே ஒருவரிடம் விடுங்கள். உணவு தயாரிக்கும் இடம் என்பது ஒரு காரணம். இன்னொன்று, நொதிக்கும்போது வெளியாகும் கார்பன் டை ஆக்சைடு. அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும். நாயின் மூக்கு இருப்பதும் அந்த உயரத்தில்தான்.

தட்டில் என்ன?

நாசிக் என்றால் மிசல். முளைகட்டிய நரிப்பயறு, காரமான ரசா, மேலே ஃபர்சான், பச்சை வெங்காயம், கூடவே பாவ். இந்தக் காரத்துக்குத் துவர்ப்பான ரெட் ஒயின் எரிச்சலைக் கூட்டும். லேசான இனிப்புள்ள ஷெனின் பிளாங் பொருந்தும். கொறிக்க சிவ்டா. நந்தி மலைப் பக்கம் நிப்பட்டு, கோடுபளே, காரம் போட்ட காங்கிரஸ் கடலை கிடைக்கும்.

இதில் எதையும் நாய்க்குக் கொடுக்காதீர்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். பச்சையாக இருந்தாலும், வதக்கினாலும், பொடியாக இருந்தாலும் அதேதான். சிவ்டாவில் பொரித்த வெங்காயத்தோடு உலர் திராட்சையும் இருக்கலாம். நாய்க்கு வீட்டுச் சாப்பாட்டையும் தண்ணீரையும் எடுத்துப் போவதே நல்லது.

எப்படிப் போவது?

ரயிலில் பெரிய நாயைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ள ஏசி முதல் வகுப்பில்தான் முடியும், அதுவும் கூப்பே அல்லது கேபின் முழுவதும் நம் பெயரில் இருந்தால் சிக்கல் இல்லை. செகண்ட் ஏசி, தேர்ட் ஏசி, ஸ்லீப்பரில் அனுமதி இல்லை. பிரேக் வேனில் உள்ள கூண்டில்தான் ஏற்றுவார்கள்.

காரில் போனால், குடிக்காத ஒருவர் ஓட்ட வேண்டும். 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால், முதல் முறைக்கே 10,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, இரண்டும்கூட விதிக்கலாம். பூட்டிய காரில் நாயை ஐந்து நிமிஷம்கூட விடக் கூடாது. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 மது விற்பனை இல்லாத நாட்கள். பாட்டில் வாங்கி இன்னொரு மாநிலத்துக்குள் கொண்டுபோவதாக இருந்தால் அந்த மாநில மதுவிலக்கு விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தின்றுவிட்டால்?

அறிகுறி வரும் வரை காத்திருக்க வேண்டாம். வாந்தி பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் வரும். சிறுநீரகப் பாதிப்பு தெரிய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகலாம். அப்போது சிகிச்சை கடினம். முதல் ஓரிரு மணி நேரத்துக்குள் போனால் மருத்துவர் வாந்தி எடுக்க வைத்தே பெரும்பகுதியை வெளியேற்றிவிட முடியும். வீட்டு வைத்தியமாக உப்புத் தண்ணீர் கொடுக்காதீர்கள், அதுவே ஆபத்து. எத்தனை மணிக்கு, சுமாராக எவ்வளவு தின்றது, நாயின் எடை என்ன என்ற மூன்றையும் குறித்துக்கொண்டு உடனே கிளம்புங்கள். 24 மணி நேர கால்நடை மருத்துவமனையின் எண்ணை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே போனில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.