அவிழத் தெரிந்த கயிறு

சென்னையை அடுத்த கோவளத்தில் அலைச்சறுக்குப் பழக வருபவர்கள் பலகைமேல் எழுந்து நிற்பதற்கு முன்னால் ஒரு பட்டையைக் கட்டிக்கொள்ளக் கற்கிறார்கள். பலகையில் பின்னால் ஊன்றும் காலில், கணுக்கால் எலும்புக்குச் சற்று மேலே, இரண்டு மூன்று விரற்கடை அகலத்தில் சுற்றும் பட்டை அது. அதிலிருந்து பலகையின் வால்வரை ஓடுகிறது ஒரு யூரித்தேன் கயிறு. இதை 'லீஷ்' என்கிறார்கள். மதுராந்தகம் ஏரியில் நீச்சல் பழகிவிட்டு, கருங்குழியிலிருந்து ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வந்து இறங்கும் பையன்களுக்கு இதைப் பார்த்தால் கொஞ்சம் ரோஷம்தான். நீச்சல் தெரிந்தவனுக்குக் கயிறு எதற்கு? 1971இல் கலிஃபோர்னியாவும் இதையேதான் கேட்டது, இன்னும் இளக்காரமாக.

அந்த வருஷம் மாலிபு கடற்கரையில் நடந்த சர்வதேசப் போட்டிக்குப் பேட் ஓ'நீல் என்ற இளைஞர் தன்னையும் பலகையையும் ஒரு குழாயால் இணைத்துக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரியில் பயன்படுகிற ரப்பர் குழாய். பலகையோடு அதைப் பிடித்து வைத்தது, கண்ணாடியில் ஒட்டுவது போன்ற ஓர் உறிஞ்சு கிண்ணம். மற்ற போட்டியாளர்களிடமும் கொடுத்துப் பார்த்தார். கத்துக்குட்டிகளின் கயிறு என்று கேலி செய்தார்கள். கயிற்றோடு இறங்கியதற்காக நடுவர்கள் அவரைப் போட்டியிலிருந்தே நீக்கினார்கள். அடுத்த ஓராண்டுக்குள் சிரித்தவர்களும் அதைக் கட்டத் தொடங்கிவிட்டார்கள்.

இது ஓ'நீல் வீட்டில் பிறந்ததற்குக் காரணம் இருக்கிறது. பேட்டின் அப்பா ஜாக் ஓ'நீல்தான் குளிர்கடலில் உடம்பை ஒட்டி அணியும் ரப்பர் உடையை வியாபாரமாக்கியவர்களில் முன்னோடி. சான் பிரான்சிஸ்கோவில் 1952இல் கடை திறந்தவர், பிறகு சாந்தா குரூஸுக்குக் குடிபோனார். அங்கே கரை என்பது பல இடங்களில் மணல் அல்ல, செங்குத்தான பாறை. பலகை கையை விட்டுப் போனால் பாறையில் மோதிப் பிளக்கும். அதைத் தேடிக் குளிர்ந்த நீரில் நீந்த வேண்டியவரும் நீங்கள்தான். பிரான்சின் பியாரிட்ஸில் ஜார்ஜ் ஹென்னெபூட் 1950களின் கடைசியிலேயே காலில் கயிறு கட்டிப் பார்த்தவர் என்று அந்த ஊர்க்காரர்கள் உரிமை கோருவார்கள். அதிலும் நியாயம் உண்டு. ஆனால் உலகம் முழுக்கப் பரவியது சாந்தா குரூஸ் கயிறுதான்.

பரவுவதற்கு முன்பே அது விலை கேட்டுவிட்டது. ரப்பர் குழாய் அளவுக்கு மீறி நீளும். அலை பலகையை இழுத்துக்கொண்டு போகப் போக, இழுவிசை முழுவதும் குழாயில் சேர்ந்துகொண்டே இருக்கும். அலை விட்டதும் உண்டிவில்லில் வைத்த கல் மாதிரி பலகை திரும்பி வரும். வரும் திசையில் இருப்பது கட்டியவனின் முகம். 1971லேயே ஜாக் ஓ'நீலின் இடக்கண் அப்படித்தான் போயிற்று. மகன் கண்டுபிடித்த கயிறு அப்பாவின் கண்ணைப் பறித்தது. 2017இல் 94 வயதில் இறக்கும்வரை அவர் கறுப்புக் கண்பட்டையோடுதான் இருந்தார். அந்த முகமே அவருடைய கம்பெனியின் அடையாளமாகவும் ஆனது. வியாபாரிக்கு எதுவும் வீண்போவதில்லை.

பொருள் மாறியது அதற்குப் பிறகுதான். குறைவாக நீளும் கயிறுகள் வந்தன. கடைசியில் யூரித்தேன் நிலைத்தது. கொஞ்சம் நீண்டு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும், ஆனால் சுண்டி எறியாது. சாதாரண அலைக்கு 7 மில்லிமீட்டர் தடிமன், போட்டிக்கு 5, 6. நீளம் ஏறக்குறைய பலகையின் நீளம். இரு முனையிலும் சுழலும் உலோக இணைப்பு, முறுக்கு ஏறாமல் இருக்க. வால்பக்கம் ஒரு தட்டையான துணிப்பட்டை உண்டு. லீஷைப் பலகையோடு பிணைக்கும் மெல்லிய நூற்கயிறு நேராகப் பலகை விளிம்பில் படிந்தால் இழுக்கும்போது ஃபைபரை அறுத்துவிடும் என்பதால் அது. அந்த நூற்கயிற்றை நீளமாக விட்டுக் கட்டினால் துணிப்பட்டை விளிம்பைத் தாண்டிப் போய்விடும், இருந்தும் பயனில்லை. வாடகைப் பலகைகளின் வாலில் தெரியும் வெட்டுகளில் பாதி இப்படி வந்தவை என்பது என் ஊகம்.

என்னைக் கேட்டால், இந்தச் சாமானில் உண்மையான சாமர்த்தியம் கயிற்றில் இல்லை, கால்பட்டையின் வெல்க்ரோவில் இருக்கிறது. நாயின் ரோமத்தில் ஒட்டிய முட்காய்களை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் த மெஸ்த்ரால், 1955இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். ஒரு பக்கம் கொக்கி, மறு பக்கம் வளையம். பட்டையின் போக்கிலேயே இழுத்தால் ஆயிரக்கணக்கான கொக்கிகள் ஒரே நேரத்தில் பிடிக்கும், அசையாது. ஓரத்தைத் தூக்கி உரித்தாலோ ஒவ்வொரு வரிசையாக விட்டுக்கொடுக்கும், ஒரு குழந்தையின் கை போதும். அலை இழுப்பது முதல் விதம். கை உரிப்பது இரண்டாம் விதம். கட்டு கடலுக்கு விடாது, ஆளுக்கு விடும். மணல் ஏறினால் இந்தக் கணக்கு கெடும். தளர்வாகக் கட்டினாலும் கெடும்: பட்டை காலைச் சுற்றிச் சுழன்று, உரிக்கிற நுனி கைக்கு எட்டாத பக்கம் போய்விடும்.

பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும் என்ற இதே சிக்கலைப் பனிச்சறுக்குக்காரர்கள் வேறு விலை கொடுத்துக் கடந்தார்கள். காலைப் பலகையோடு இறுக்கிக் கட்டிய காலத்தில் விழுந்தால் பலகை திரும்பும், கூடவே எலும்பும். நார்வேயில் பிறந்து அமெரிக்காவின் ஆரிகனில் குடியேறிய யால்மர் ஹ்வாம் 1937இல் மவுண்ட் ஹுட்டில் காலை உடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மயக்க மருந்து தெளியும்போதுதான், காலணி முனையைத் தானாக விடும் பிடிப்பின் வடிவம் அவருக்குத் தோன்றியதாம். 1939இல் அது விற்பனைக்கு வந்தது. 1980களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்த்தெல், மலையேறிப் போய்ச் சறுக்குகிறவர்களுக்காகக் கனத்தையே உரித்தெடுத்தார்: காலணி முனையின் இரு குழிகளைப் பிடிக்கும் இரண்டு ஊசிகள், குதிகாலில் இன்னும் இரண்டு, அவ்வளவுதான். ஆனால் ஏறும்போது முன்பிடி திறந்துகொள்ளாதபடி ஒரு நெம்புகோலைத் தூக்கிப் பூட்டுவார்கள். பூட்டியிருக்கும்வரை அது காலை விடாது. அந்த நேரம் பனிச்சரிவு வந்தால் பலகைகள் நங்கூரமாகி ஆளைக் கீழே இழுக்கும். காலணிக் குழியில் பனிக்கட்டி அடைத்திருந்தாலோ வேண்டாத இடத்தில் கழன்றுகொள்ளும். எடை குறையக் குறைய, பொருத்திப் பார்க்கிற வேலை கூடுகிறது.

கடலில் அந்த நங்கூரத்தின் பெயர் பாறை. 1994 டிசம்பர் 23 அன்று கலிஃபோர்னியாவின் மேவரிக்ஸ் பேரலையில் ஹவாயின் மார்க் ஃபூ இறந்தார், வயது 36. நீருக்கடியில் அவர் கயிறு பாறையில் மாட்டியிருக்கலாம் என்று பலரும் நினைக்கிறார்கள். பேரலைக்காரர்கள் இன்று கட்டும் லீஷில் ஓர் ஊசிமுனைக் கொக்கி இருக்கிறது. அதன் சின்னக் குமிழை இழுத்தால் கட்டு முழுதாக விழுந்துவிடும். வெல்க்ரோவை உரிக்கும் நேரம்கூட அங்கே கிடைக்காது.

நம் கரைக்கு இந்தச் சாமான் வந்தபோது யாரும் கேலி செய்ததாகத் தெரியவில்லை. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன், தொழிலதிபர் அருண் வாசு முதலியோரின் துணையோடு 2012 வாக்கில் சர்ஃப் பள்ளியைத் தொடங்கினார். கட்டும் அவிழ்ப்பும் அந்தக் குப்பத்துக்குப் புதிதில்லை. கட்டுமரம் கடலில் இருக்கும்வரைதான் கட்டு. கரையேறியதும் கயிற்றை அவிழ்த்து மரங்களைத் தனித்தனியாகக் காயப்போட்டார்கள், நீர் குடித்த மரம் கனக்கும் என்பதால். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயிலைக் காக்கக் கொட்டிய பாறைகளின் ஓரம்தான் நல்ல அலை உடைகிறது. அங்கே கட்டில்லாத பலகைக்குச் சாந்தா குரூஸ் கதிதான். பலகையைவிட, பின்னால் நீந்திவரும் ஆளின் தலைக்கு ஆபத்து. 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டி அங்கே நடந்து, ரமேஷ் புதிஹால் இந்தியாவுக்கு முதல் தனிநபர் பதக்கமாக வெண்கலம் வாங்கியபோது கேமராக்கள் அலையையே காட்டின. நான் கணுக்கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முட்டுக்காட்டுக் கழிமுகத்தில் நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் போகிறவர்கள் அதே கணுக்கால் கயிற்றைக் கட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது. கடலில் அலை வரும், போகும். நடுவே கயிறு தளரும். ஓடும் நீரில் தளர்ச்சியே கிடையாது. முகத்துவாரம் திறந்திருக்கும் நாளில், வற்றுநீர் கடலுக்கு ஓடும்போது, பலகை பாலத்தூணின் ஒரு பக்கமும் ஆள் மறுபக்கமும் போனால் ஓட்டம் காலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குனிந்து கணுக்காலைத் தொட அந்த விசை விடாது. 2021 அக்டோபர் 30இல் வேல்ஸின் ஹாவர்ஃபோர்ட்வெஸ்ட் ஆற்று அணையில் நடந்த விபத்தில் துடுப்புப் பலகைக்காரர்கள் நான்கு பேர் இறந்தார்கள். விசாரணை சுட்டிய குறைகளில் ஒன்று, ஓடும் நீருக்கேற்ற, சட்டென்று விடுபடும் இடுப்புக் கயிறு இல்லாதது. அந்தக் கயிறு பெல்ட்டாக இடுப்பில் வரும், முன்பக்கம் ஒரு குமிழ் தொங்கும். அதை உயிர்காப்பு உடைக்கு மேலே கட்ட வேண்டும். உள்ளே கட்டினால், நீரில் உடை மேலேறி வந்து குமிழை மூடிவிடும்.