கையொப்பமும் சான்றும்: அமெரிக்க உள்நாட்டுப் போரின் இராணுவ ஆவணங்கள்

ஹதீஸ் கலையில் 'விஜாதா' என்றொரு வகை உண்டு. ஆசிரியரிடம் நேரில் செவியுறாமல், அவர் கைப்பட எழுதிய ஏட்டைக் கண்டெடுத்து அதிலிருந்து அறிவிப்பதே அது. அவ்வாறு அறிவிப்பவர் 'இன்னாரிடம் கேட்டேன்' எனச் சொல்லலாகாது. 'இன்னாரின் கையெழுத்தில் கண்டேன்' என்றே சொல்ல வேண்டும். அக்கையெழுத்து அவருடையதுதான் என்னும் உறுதியும் வேண்டும். இப்னுஸ் ஸலாஹ் (மறைவு: ஹி. 643 / கி.பி. 1245) முதலான அறிஞர்கள் இதனை நுணுகி ஆராய்ந்துள்ளனர். இப்பாடத்தை விளக்கும்போதெல்லாம் என் நினைவுக்கு வருவது, நமக்குத் தொலைவான ஒரு வரலாறு: 1861 முதல் 1865 வரை நடந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் கையொப்பமிட்ட இராணுவ ஆவணங்களும் அவற்றைச் சேகரித்தோரின் கதையும்.

1862 செப்டம்பர் 9ஆம் நாள் தென்மாநிலக் கூட்டமைப்பின் தளபதி ராபர்ட் லீ, தம் படையைப் பல பிரிவுகளாகப் பிரித்தனுப்பும் சிறப்பு ஆணை எண் 191ஐப் பிறப்பித்தார். நான்கு நாட்களுக்குப் பின், மேரிலாந்தின் ஃபிரெடெரிக் நகருக்கருகே ஒன்றியப் படைவீரர்கள், மூன்று சுருட்டுகளைச் சுற்றியிருந்த தாளொன்றைக் கண்டெடுத்தனர். அது அவ்வாணையின் பிரதி, தளபதி டி. எச். ஹில்லுக்கு முகவரியிடப்பட்டது. லீயின் சார்பில் கையொப்பமிட்டிருந்தவர் சில்ட்டன் என்னும் அலுவலர். இது பகைவரின் சூழ்ச்சியாக இருக்கலாகாதா? அந்த ஐயத்தைத் தீர்த்தவர், சில்ட்டனின் கையெழுத்தைப் போருக்கு முன்பே அறிந்திருந்த பிட்மன் என்ற ஒன்றியப் படை அலுவலர். அவர் அளித்த உறுதியை ஏற்றுத் தளபதி மெக்லெல்லன் படையை நகர்த்தினார். செப்டம்பர் 17இல் ஆண்டீட்டம் போர் மூண்டது; ஒரே நாளில் இருதரப்பிலும் மாண்டோர், காயமுற்றோர், காணாமற்போனோர் ஏறத்தாழ 23,000 பேர். ஹில்லோ, தமக்கு ஜாக்சன் வழியாக வந்த பிரதியைப் பேணி வைத்து, தாம் ஆணையைத் தொலைக்கவில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டினார்.

லீயின் பெயருடன் சேகரிப்போர் மிகவும் நாடும் மற்றொன்று பொது ஆணை எண் 9. 1865 ஏப்ரல் 9இல் அப்போமாடாக்ஸில் சரணடைந்த மறுநாள், படையினருக்கு அவர் விடுத்த பிரியாவிடை அது. அதை எழுதியவர் அவருடைய உதவியாளர் சார்லஸ் மார்ஷல். பகையுணர்வை நீடிக்கச் செய்யும் என்று கருதி ஒரு பத்தியை லீ நீக்கினார். பின்னர் எழுத்தர்கள் படியெடுத்தனர். அலுவலர் பலரும் தாமே படியெடுத்துச் சென்று, நினைவாக வைத்துக்கொள்ள அவரிடம் கையொப்பம் பெற்றனர். ஆகவே உண்மையான கையொப்பமுள்ள பிரதிகள் பல உள்ளன. அவற்றில் வாசகம் மார்ஷலுடையது, எழுத்து வேறொருவருடையது, ஒப்புதல் மட்டுமே லீயுடையது. இம்மூன்றையும் பிரித்தறியாதவர் அத்தாளைச் சரியாகப் படித்தவராகார்.

சேகரிப்போரின் ஆவல் பொய்யர்களையும் வளர்த்தது. தளபதி ஜாக்சன் 1863இல் இறந்தபின், ராபர்ட் ஸ்பிரிங் என்ற போலி ஆவணக்காரர், தாம் வறுமையுற்ற ஜாக்சனின் மகள் 'ஃபேனி' என எழுதி, அவருடைய கடிதங்கள் எனப் போலிகளை இங்கிலாந்தில் விற்றார். ஜாக்சனின் ஒரே மகள் ஜூலியா அப்போது கைக்குழந்தை. ஸ்பிரிங் கையெழுத்தை மட்டுமன்று, அது வந்த வழியையும் புனைந்தார். தாளை மட்டும் ஆராய்ந்து, கொண்டுவந்தவரை ஆராயாதவர்கள் ஏமாந்தனர்.

மெய்யான ஆவணத்திலும் ஓர் எழுத்து போதும். பாட்ரிக் மர்ஃபி என்ற படைவீரருக்கு இராணுவ நீதிமன்றம் விதித்த மரண தண்டனையை லிங்கன் நீக்கிய குறிப்பில் 1865 ஏப்ரல் 14 என்றிருந்தது. அவர் சுடப்பட்ட நாள் அது. ஆகவே அவருடைய இறுதிச் செயல்களுள் ஒன்றாக 1998இல் அது புகழ்பெற்றது. ஆனால் '5' என்னும் எண்ணின் மை அடர்ந்திருந்தது. 1950களில் அச்சான லிங்கனின் தொகுப்பிலோ 1864 என்றே இருந்தது. பழைய பிரதியுடன் ஒப்பிட்டதில் உண்மை வெளிவந்தது. ஆண்டை மாற்றியதை ஆய்வாளர் ஒருவர் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டதாக அந்நாட்டு ஆவணக் காப்பகம் 2011இல் அறிவித்தது. அவரோ பின்னர் அதை மறுத்தார். மன்னிப்பு உண்மையானது, கையொப்பம் உண்மையானது, ஆயினும் சான்று சிதைந்தது.

நற்செயலாகச் சேகரித்தோரும் உண்டு. 1865 ஏப்ரலில் ரிச்மண்ட் நகர் எரிந்தபோது கூட்டமைப்பின் ஏடுகள் பல அழிந்தன. எஞ்சியவற்றைத் திரட்ட, முன்னாள் கூட்டமைப்புத் தளபதியான மார்கஸ் ரைட்டையே ஒன்றிய அரசு 1878இல் நியமித்தது. 1881 முதல் 1901 வரை இருதரப்பு ஆவணங்களும் 128 நூல்களாக அச்சேறின. தோற்றவரின் ஏடுகளுக்கும் இடமளித்ததால்தான் வருங்காலத்தார் இருதரப்பையும் ஒப்புநோக்க முடிந்தது.

அதே காலத்தில் வேறொரு வழக்கமும் பரவியது. புகழ்பெற்றோரின் கையொப்பத்தைத் தாளிலிருந்து கத்தரித்து ஏடுகளில் ஒட்டினர். கையொப்பம் பிழைத்தது; ஆணையோ தொலைந்தது.

ஏலத்தில் விலைபோகாத தாள்களையும் மறக்கலாகாது. அப்போமாடாக்ஸில் சரணடைந்த ஏறத்தாழ 28,000 வீரர்களுக்கு, வீடு திரும்ப அனுமதிக்கும் சீட்டுகள் அங்கேயே அச்சிடப்பட்டு, அவரவர் அலுவலர் கையொப்பத்துடன் தரப்பட்டன. ஒன்றியப் படையில் ஏறத்தாழ 1,80,000 கறுப்பின வீரர்கள் சேர்ந்தனர். எழுதப் படிக்கத் தடுக்கப்பட்டிருந்த அவர்களுள் பலர் கையொப்ப இடத்தில் குறி மட்டுமே இட்டனர். 55ஆம் மாசசூசெட்ஸ் படைப்பிரிவின் பதிவில் நிக்கோலஸ் சயீத் என்ற பெயர் உள்ளது. மத்திய ஆப்பிரிக்காவின் போர்னூவில் முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இளமையில் அரபு கற்று, அடிமையாகக் கவரப்பட்டு, ரஷ்யாவில் கிறிஸ்தவராக்கப்பட்டு, 1863இல் ஒன்றியப் படையில் சேர்ந்தவர் அவர். தளபதியின் கையொப்பத்தைவிட இத்தகைய ஒருவரின் பதிவேட்டுப் பெயர் வரலாற்றுக்குக் குறைந்ததன்று.

அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் கடனை எழுதிவைக்கப் பணிக்கையில், எழுத்தரையும் இரு சாட்சிகளையும் சேர்த்தே பேசுகிறது. எழுத்து தனித்து நிற்பதில்லை என்பது இதிலிருந்து விளங்கும். இத்தகைய தாளொன்று ஒருவர் கைக்கு வந்தால், அது யாருடையது என்று கேட்பதுடன் நில்லாமல், யார் யார் கைவழி வந்தது, எந்தத் தொகுப்பிலிருந்து பிரிந்தது, எந்தப் பழைய பிரதியுடன் ஒத்துப்போகிறது என்றும் கேட்க வேண்டும். விடை கிடைக்கும்வரை அத்தாள் அவருக்குச் சொத்தன்று. பேணி ஒப்படைக்க வேண்டிய அமானிதம்.