உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளின் மரபணு அடையாளங்கள்

உமிழ்நீர்ச் சுரப்பிகளில் எழும் கட்டிகளை வகை பிரித்தறியப் பயன்படும் மரபணு மாற்றங்கள் இப்பெயரால் குறிக்கப்படுகின்றன. காதின் முன்புறமுள்ள பரோட்டிட் சுரப்பியிலும், தாடையின் கீழும் நாவின் அடியிலும் உள்ள சுரப்பிகளிலும், அண்ணம், உதடு ஆகியவற்றில் பரவிக் கிடக்கும் சிறு சுரப்பிகளிலும் தோன்றும் இக்கட்டிகள் அரியவை; ஆனால் வகைகளில் மிகப்பல. நுண்ணோக்கியில் ஒன்றைப்போல் மற்றொன்று தோன்றுவதால், தீங்கற்றதைப் புற்றுநோய் என்றும், புற்றுநோயைத் தீங்கற்றது என்றும் கொள்ளும் இடர் நெடுங்காலம் நீடித்தது.

குரோமோசோம்கள் உடைந்து துண்டுகள் இடம் மாறும்போது, தொலைவிலிருந்த இரு மரபணுக்கள் ஒட்டிக்கொள்வது மரபணு இணைவு எனப்படும். இக்கட்டிகளில் மிகுதியாகக் காணப்படும் கலப்புருவ அடினோமாவில், 8-ஆம் குரோமோசோமிலுள்ள பிளாக்1 மரபணு இவ்வாறு தூண்டப்படுவதை 1997-இல் ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். வளர்ந்தவரின் சுரப்பியில் அடங்கியிருக்க வேண்டிய அம்மரபணு, வேறொரு மரபணுவின் இயக்குபகுதியோடு சேர்ந்து ஓயாது செயல்படுவதே கட்டி வளர்வதற்குக் காரணமாகிறது. மியூக்கோஎபிடெர்மாய்டு புற்றில் மாம்எல்2 இணைவு 2003-இலும், நரம்புகளைத் தொடர்ந்து பரவும் இயல்புடைய அடினாய்டு சிஸ்டிக் புற்றில் எம்ஒய்பி–என்எஃப்ஐபி இணைவு 2009-இலும் வெளிப்பட்டன; பின்னதைக் கண்டறிந்த குழுவில் சுவீடனின் யோரான் ஸ்டென்மன் இடம்பெற்றார்.

2010-இல் செக் நாட்டு நோய்க்குறியியலாளர் அலேனா ஸ்காலோவாவும் உடனுழைத்தோரும் வெளியிட்ட ஆய்வே இவ்வரலாற்றின் பெருந்திருப்பம் எனலாம். அசினிக் செல் புற்று முதலிய பெயர்களில் சேர்க்கப்பட்டிருந்த சில கட்டிகள், மார்பகத்தின் சுரப்புப் புற்றை ஒத்திருப்பதையும், அதற்குரிய இடிவி6–என்டிஆர்கே3 இணைவையே கொண்டிருப்பதையும் அவர்கள் காட்டினர். அதனால் ஒரு புதிய நோய்வகை பிறந்ததோடு, என்டிஆர்கே இணைவைக் குறிவைக்கும் லாரோட்ரெக்டினிப் மருந்துக்கு 2018-இல் அமெரிக்க ஒப்புதல் கிடைத்தபோது, முற்றிய நிலையிலுள்ள இவ்வகை நோயாளிகளுக்கும் வழி திறந்தது. அசினிக் செல் புற்றுக்கு உரிய என்ஆர்4ஏ3 மாற்றம் 2019-இல் தெரியவந்தது.

மரபணுவின் உடைவை ஒளிரும் சாயத்தால் காட்டும் 'ஃபிஷ்' முறையும், வரிசை அறியும் கருவிகளும் பெருநகர ஆய்வகங்களில் அமைவன, செலவும் மிகுதி. ஆயினும் பிறழ்ந்த மரபணு உண்டாக்கும் புரதத்தைக் காட்டும் நோயெதிர்ப்புச் சாயங்கள் பல கட்டிவகைகளில் முதற்படியாக அமைகின்றன. மாவட்ட மருத்துவமனைகளுக்கு எட்டக்கூடிய உண்மையான பயன் இங்கேதான் உள்ளது.

எடுத்துக்காட்டாக, மாமல்லபுரம் கடற்கரை ஊர்களுக்கு அருகில், 1965-இல் தொடங்கப்பட்ட செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை உள்ளது. வடக்கே 1954-இல் உருவான அடையாறு புற்றுநோய் நிலையமும், மேற்கே காஞ்சிபுரத்தை அடுத்த காரைப்பேட்டையில் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனையும் இருக்கின்றன. இத்தகைய மருத்துவமனைகளிலிருந்து, நோயாளி நெடுந்தொலைவு செல்லாமலேயே, மெழுகில் பதித்த திசுக் கட்டையை மட்டும் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்க இயலும். ஆனால் அறுவைக்குப் பின் திசு உடனே ஃபார்மலினில் இடப்படாமலோ, அளவுக்கு மீறி ஊறியோ இருந்தால் அதன் மரபுப்பொருள் சிதைந்து சோதனை தோற்கும். மேலும், எல்லா மியூக்கோஎபிடெர்மாய்டு புற்றுகளிலும் மாம்எல்2 இணைவு இராது என்பதால், அடையாளம் காணப்படாமை அந்நோய் இன்மைக்குச் சான்றாகாது. நுண்ணோக்கித் தோற்றத்தோடு சேர்த்தே முடிவு கூறப்பட வேண்டும்.