விறகுக் கொட்டகையில் விளைந்த உலோகம்

அமெரிக்கக் கல்லூரிகளில் கோடை விடுமுறை நீண்டது. இளங்கலை மாணவர் சிலர் அவ்விடுமுறையை வீட்டில் கழிப்பதில்லை. ஏறத்தாழப் பத்து வாரம் ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் தங்கி, மின்கலமும் மின்வாயும் கையுமாக ஓர் ஆய்வில் ஈடுபடுவர், உதவித்தொகையும் பெறுவர். அந்நாட்டின் தேசிய அறிவியல் அறக்கட்டளை 1987இல் இதனை ஒரு தனித் திட்டமாகவே வகுத்தது. பாடநூலில் உள்ள விடையை மீண்டும் செய்து காட்டுவது இப்பயிற்சியின் நோக்கமன்று. விடை இன்னும் எவருக்கும் தெரியாத வினா ஒன்றை மாணவர் கையில் ஒப்படைப்பதே நோக்கமாகும்.

திட்டம் புதியது, வழக்கமோ பழையது. மின்வேதியியலில் இவ்வழக்கத்துக்கு மிகச் சிறந்த சான்று, அத்திட்டம் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூரான ஓபர்லினில் கிடைத்துவிட்டது.

ஓபர்லின் கல்லூரி 1833இல் தோன்றியது. ஆடவர்க்கென இருந்த பட்டப் படிப்பில் 1837இலேயே பெண்களையும் சேர்த்துக்கொண்ட கல்லூரி அது. 1880இல் இருவர் அங்கு வந்து சேர்ந்தனர். ஒருவர் வேதியியல் பேராசிரியர் பிராங்க் ஃபேனிங் ஜுவெட். யேல் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, ஜெர்மனியின் கோட்டிங்கனில் மேற்படிப்புப் படித்து, டோக்கியோவில் நான்காண்டு கற்பித்துத் திரும்பியவர். மற்றவர் சார்லஸ் மார்ட்டின் ஹால் என்னும் பதினாறு வயது மாணவர். அவ்வூரில் குடியேறிய ஒரு பாதிரியாரின் மகன். சில காசுக்குக் கண்ணாடிக் குழாய்களும் சோதனைக் குழாய்களும் வாங்கிச் செல்ல ஆய்வுக்கூடத்துக்கு வந்த சிறுவனைப் பேராசிரியர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். கல்லூரியில் வேதியியல் பாடம் மேல்வகுப்பில்தான் தொடங்கும். ஹாலோ அதற்கு முன்பே ஜுவெட்டின் ஆய்வுக்கூடத்தில் ஒரு மூலையில் இடம் பெற்றுவிட்டார். அதற்கென எந்தப் பாடத்திட்டமும் இல்லை. ஆசிரியர் கதவைத் திறந்துவைத்தார், அவ்வளவே.

கோட்டிங்கனில் ஜுவெட் முதுபெரும் அறிஞர் வோலரைக் கண்டவர். 1827இல் அலுமினியத்தைத் தனித்துப் பிரித்த அந்த வோலரிடமிருந்து கிடைத்த சிறு துண்டு உலோகம் ஒன்றை வகுப்பில் மாணவர்க்குக் காட்டுவார். மண்ணிலும் களியிலும் எங்கும் நிறைந்த உலோகம் அது. ஆயினும் வெள்ளிக்கு நிகரான விலைக்கு விற்றது. 1884 டிசம்பரில் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் பொருத்தப்பட்ட சுமார் 100 அவுன்ஸ் அலுமினிய முனை அக்காலத்தில் ஒரு காட்சிப் பொருளாகவே கருதப்பட்டது. இதனை மலிவாகச் செய்ய வழி காண்பவர் உலகுக்கு நன்மை செய்வார், தாமும் செல்வராவார் என்று ஜுவெட் வகுப்பில் கூறினாராம். அருகிலிருந்த தோழரிடம் அந்த உலோகத்தைத் தாமே பிடித்துவிடப் போவதாக ஹால் மெல்லச் சொன்னாராம். இக்கதை பல ஆண்டு கழித்துச் சொல்லப்பட்டது. வெற்றி பெற்றவர்களின் இளமைக்கு இத்தகைய கதைகள் தாமாகவே வந்து ஒட்டிக்கொள்வதுண்டு. ஆனால் உலோகத் துண்டும் ஆசிரியரின் ஆர்வமும் கதையல்ல.

ஹால் எதிர்கொண்ட தடை மின்வேதியியலின் அடிப்படையிலேயே இருந்தது. அலுமினியம் உயிர்வளியை விடாது பற்றிக்கொள்ளும் தனிமம். இரும்பைப் போலக் கரியோடு சேர்த்து ஊதுலையில் இட்டு அதனைப் பிரித்தெடுக்க இயலாது. பிரான்சில் டெவில் 1854இல் சோடியத்தைக் கொண்டு பிரித்தார். சோடியமே விலை மிகுந்தது. மின்சாரத்தால் பிரிக்கலாமெனில், அலுமினிய உப்பை நீரில் கரைத்து மின்னைச் செலுத்தினால் முதலில் சிதைவது நீரே. எதிர்மின்வாயில் ஹைட்ரஜன் குமிழியிடும், உலோகம் வராது. நீரை விலக்கி அலுமினாவையே உருக்கலாமெனில், அது உருகுவதற்கு 2,000 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் வேண்டும். அக்காலத்து எளிய உலை எதுவும் அதனைத் தாங்காது. இவ்விரண்டுக்கும் இடையில், அலுமினாவைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும், குறைந்த வெப்பத்தில் உருகும், மின்னோட்டத்தால் தான் சிதையாத ஓர் உப்புத் தேவைப்பட்டது. வினா இவ்வளவுதான். இவ்வாறு வினாவைச் செவ்வையாக அமைத்துக்கொள்வதற்கே ஹாலுக்குக் கல்லூரிக் காலம் முழுவதும் தேவைப்பட்டது.

இறுதியாண்டில் அவர் அலுமினியப் புளூரைடைத் தாமே தயாரித்து நீரில் கரைத்து மின்பகுப்புச் செய்தார். கிடைத்தது ஹைட்ரஜனும் கூழ்போன்ற ஹைட்ராக்சைடும்தான். தோல்வியென்றே இதனைக் கூறுவர். ஆயினும் நீர் ஆகாது என்பதையும், புளூரைடுகளில் வழி இருக்கலாம் என்பதையும் அவருக்குக் கற்பித்தது இத்தோல்வியே.

1885 கோடையில் ஹால் பட்டம் பெற்றார். அவர் வேலை தேடி வெளியூர் செல்லவில்லை. பெற்றோர் வீட்டை ஒட்டிய விறகுக் கொட்டகையை ஆய்வுக்கூடமாக மாற்றினார். எரிநெய்யில் இயங்கும் பழைய உலை ஒன்று அங்கு வந்தது. மின்கலங்களை அவரே செய்துகொண்டார். அதற்குரிய பொருள்களிற் சில ஜுவெட்டின் ஆய்வுக்கூடத்திலிருந்து இரவலாகக் கிடைத்தன. பட்டம் பெற்றவருக்கும் அக்கதவு மூடப்படவில்லை.

அவ்வீட்டில் வேதியியல் கற்றவர் இன்னொருவரும் இருந்தார். ஹாலின் மூத்த சகோதரி ஜூலியா 1859இல் பிறந்தவர். அதே ஓபர்லினில் பயின்று 1881இல் படிப்பை முடித்தவர். 1885இல் தாயார் மறைந்தபின் குடும்பப் பொறுப்பு முழுவதும் ஜூலியாவின் தோளில் விழுந்தது. அடுப்படிக்கும் கொட்டகைக்கும் இடையே சில அடி தூரமே. தம்பி ஒவ்வொரு சோதனையையும் தமக்கையிடம் விளக்குவார். தமக்கை உலையருகே நின்று பார்ப்பார், கேள்வி கேட்பார், நாளை நினைவில் கொள்வார்.

1886 பிப்ரவரித் தொடக்கத்தில் ஹால் கிரையோலைட் என்னும் கனிமத்துக்கு வந்து சேர்ந்தார். சோடியமும் அலுமினியமும் புளூரினும் கலந்த அக்கனிமம் கிரீன்லாந்திலிருந்து வந்தது. சுமார் 1,000 பாகையில் உருகும். உருகிய குழம்பில் அலுமினாவை இட்டபோது, நீரில் சர்க்கரை கரைவது போல் அது கரைந்தது. உடனே மின்னைச் செலுத்தினார். எதிர்மின்வாயில் சாம்பல்நிறப் படிவு ஒன்று தோன்றியது, அலுமினியம் அன்று. களிமண் மூசையிலிருந்த சிலிக்கா குழம்பில் கரைந்து சிலிக்கனாக வெளிப்பட்டிருக்க வேண்டும் என ஹால் ஊகித்தார். மூசையின் உட்புறத்தில் கரியைப் பூசினார். பிப்ரவரி 23ஆம் நாள் சில மணி நேரம் மின்னைச் செலுத்தி, ஆறவிட்டு, உறைந்த கட்டியை உடைத்தார். உள்ளே வெள்ளிபோல் மின்னும் சிறு மணிகள் இருந்தன. அமிலமிட்டுச் சோதித்துப் பார்த்தார். அலுமினியமே.

மணிகள் ஏன் சிறியன? பாரடே 1830களில் கண்ட விதிப்படி கணக்கிட்டால், ஓர் ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் பாய்ந்து, சிறிதும் வீணாகாவிட்டாலும், மூன்றில் ஒரு கிராம் அலுமினியமே தரும். கொட்டகையின் கலங்களிலிருந்து அதற்குமேல் எதிர்பார்ப்பதற்கில்லை.

அன்று பகலில் ஜூலியா கிளீவ்லாந்து சென்றிருந்தார். மாலையில் திரும்பியவரிடம் தம்பி முழுச் சோதனையையும் விரித்துரைத்தார். பின்னர் ஜுவெட்டிடம் மணிகளைக் கொண்டு சென்றார். வெளியூரிலிருந்த தமையன் ஜார்ஜுக்குக் கடிதம் எழுதினார். இவை வீட்டுச் செய்திகள் போலத் தோன்றலாம். ஆனால் இவற்றில்தான் ஹாலின் எதிர்காலம் அடங்கியிருந்தது.

அதே காலத்தில் பிரான்சிலும் அதே வயதுடைய ஓர் இளைஞர் அதே வழியைக் கண்டுகொண்டிருந்தார். பால் ஹெரூல்ட் பாரிசின் சுரங்கவியல் கல்லூரியில் சேர்ந்து, தேர்வில் தவறிப் படிப்பை இழந்தவர். தந்தையின் தோல் பதனிடும் தொழிற்கூடத்தில் ஒரு சிறு மின்னாக்கியை வைத்து ஆய்ந்தார். 1886 ஏப்ரல் 23இல் அவர் பிரெஞ்சுக் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். மே மாதம் அமெரிக்காவிலும் விண்ணப்பித்தார். ஹால் விண்ணப்பித்ததோ ஜூலை 9இல். விண்ணப்ப நாளே முடிவு செய்வதாயின் ஹால் தோற்றிருப்பார். ஆனால் அமெரிக்கச் சட்டம் அக்காலத்தில் முதலில் கண்டுபிடித்தவர் யார் என்றே கேட்டது. பிப்ரவரி 23ஐ மெய்ப்பிக்க அஞ்சல் முத்திரையுள்ள கடிதங்களும், பேராசிரியரின் சாட்சியமும், ஜூலியாவின் சாட்சியமும் நின்றன. ஜூலியா நாள்வாரியாகச் சோதனைகளை எழுதித் தந்தார். வேதியியல் அறியாத ஒருவர் அங்கு இருந்திருந்தால், எந்த மூசையில் எந்த நாளில் எது விளைந்தது என்று எழுதியிருக்க முடியாது. 1889 ஏப்ரல் 2இல் ஹாலுக்குக் காப்புரிமை கிடைத்தது.

பின்னர் நிகழ்ந்தவை விரைந்து நிகழ்ந்தன. 1888இல் பிட்ஸ்பர்க்கில் ஒரு நிறுவனம் தோன்றியது. அவ்வாண்டு ஒரு பவுண்டு ஐந்து டாலர் அளவில் விற்ற அலுமினியம் 1893இல் ஒரு டாலருக்கும் கீழே இறங்கியது. 1898இல் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். நினைவுத் தூணின் உச்சியில் இருந்த உலோகம் பதினான்கே ஆண்டுகளில் தமிழர் அடுக்களைக்கு வரத் தொடங்கிவிட்டது.

1911இல் ஹாலுக்குப் பெர்க்கின் பதக்கம் வழங்கப்பட்டபோது ஹெரூல்ட் கடல் கடந்து வந்து வாழ்த்தினார். 1863இல் பிறந்த அவ்விருவரும் 1914இலேயே மறைந்தனர். ஹால் தம் பெருஞ்செல்வத்தில் மூன்றில் ஒரு பங்கை ஓபர்லின் கல்லூரிக்கு எழுதிவைத்தார். கல்லூரியில் அவருக்கு அலுமினியத்தாலேயே சிலை உண்டு.

ஜூலியாவின் பெயர் நெடுங்காலம் வரலாற்று நூல்களில் இடம்பெறவில்லை. தனியொருவராய்க் கொட்டகையில் உழைத்த இளைஞர் என்ற சித்திரம் எழுதுவோர்க்கு உவப்பாக இருந்தது போலும். 1977இல் மார்த்தா டிரெஸ்காட் என்னும் வரலாற்றாசிரியர் பழைய ஆவணங்களைப் புரட்டி, ஜூலியாவின் பங்கை எடுத்துரைத்தார். பின்னர் ஓபர்லினின் வேதியியல் பேராசிரியர் நார்மன் கிரெய்க், ஆசிரியர் ஜுவெட்டின் பங்கே பெரிது என்ற கோணத்தில் எழுதினார். இருவரில் ஒருவரைத் தேர்ந்துகொள்ளத் தேவையில்லை. கண்டுபிடிப்பு ஹாலுடையது, அது தனிமையில் விளையவில்லை என்பதில் மட்டும் ஐயமில்லை. ஜூலியா எழுதித் தந்த அந்த வரலாற்றின் தலைப்பில் தம் பெயரைச் சேர்க்கவில்லை. சா. மா. ஹாலின் அலுமினியக் கண்டுபிடிப்பின் வரலாறு என்றே எழுதினார்.