செஞ்சிக்கோட்டையும் தொலைந்துபோன தூக்கமும்

ராத்திரி மணி 2.40. ஃபேன் ஓடுது. தெருவுல ஒரு நாய் காரணமே இல்லாம குரைச்சிட்டு அதுவும் படுத்திருச்சு. பக்கத்து ரூம்ல அப்பா மூச்சு விடற சத்தம் சீரா கேக்குது. நான் மட்டும் விட்டத்தைப் பார்த்துக்கிட்டு கிடக்கேன். போன மாசம் நாலு நாள் லீவுல செஞ்சிக்குப் போனப்ப நடந்த கதை இது.

சும்மா கிடக்கறதுக்கு ஏதாவது யோசிப்போமேன்னு ஜன்னல் வழியா பார்த்தேன். இருட்டுக்குள்ள ராஜகிரி இன்னும் கொஞ்சம் கறுப்பா நின்னுட்டு இருந்துச்சு. அப்பதான் தோணுச்சு, இந்த மலை மேல எத்தனை பேர் எத்தனை ராத்திரி தூங்காம இருந்திருப்பாங்க? டாக்டருங்க தூக்கம் வராததுக்குச் சொல்ற காரணம் எல்லாத்துக்கும் இந்தக் கோட்டையில ஒரு உதாரணம் இருக்கும் போலிருக்கே! அந்த ஆராய்ச்சிதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

செஞ்சியைப் பார்க்காதவங்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். திண்டிவனத்துல இருந்து திருவண்ணாமலை போற வழியில, ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூணு மலை. மூணையும் சேர்த்து வளைச்ச மதில். ராஜகிரி சுமார் 800 அடி. உச்சிக்குப் போகும் முன்னாடி ஒரு பிளவு இருக்கு, அதைப் பாலம் வழியாத்தான் தாண்டணும். பாலத்தை எடுத்துட்டா யாரும் உள்ளே வர முடியாது. 1677ல் சிவாஜி பிடித்தார். 2025 ஜூலையில் மராட்டிய ராணுவக் கோட்டைகளின் வரிசையில் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாகவும் ஆகிவிட்டது. நம்மூர் ஆளுங்களுக்கு ராஜா தேசிங்கு கதைதான் முதல்ல ஞாபகம் வரும். இன்னிக்கு அது இல்லை, தூக்கம் மட்டும்தான்.

முதல் காரணம், கவலை.

1689ல் சம்பாஜியை ஔரங்கசீப் கொன்ற பிறகு, தம்பி ராஜாராம் மாறுவேஷத்தில் தப்பித்து செஞ்சிக்கு வந்து சேர்ந்தார். இருபது வயசு. நம்ம ஊர்ல கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போற வயசு. 1690 செப்டம்பரில் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் மலையடிவாரத்துல வந்து உட்கார்ந்தார். 1698 ஆரம்பத்தில்தான் கோட்டை விழுந்தது. கணக்குப் போட்டா ஏறக்குறைய ஏழரை வருஷம். ஏழரை நாட்டுச் சனின்னு சும்மாவா சொல்றாங்க :-)

சனி மலை மேல இருந்தவங்களுக்கு மட்டும்னு நினைச்சுடாதீங்க. முற்றுகை போட்டவன் நிலைமை அதைவிட மோசம். 1692 கடைசியில் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முகலாயப் படையையே சுத்தி வளைச்சுட்டாங்க. தானியம் வரலை. பாதுஷாகிட்டேர்ந்து தபாலும் வரலை. தபால் நின்னா என்ன ஆகும்? வதந்தி வரும். ஔரங்கசீப் செத்துட்டார்னு ஒரு பேச்சு கிளம்பியது. (மனுஷன் 1707 வரைக்கும் இருந்தார்.) முகாமிலிருந்த இளவரசர் காம்பக்ஷ் ரகசியமா ராஜாராமோட பேச்சு நடத்தினார். விஷயம் தெரிஞ்சு சுல்பிகார் கானும் அவர் அப்பா ஆசாத் கானும் இளவரசரையே கைது பண்ணினாங்க. அப்புறம் 1693 ஜனவரியில் முற்றுகையைக் கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினாங்க.

இதுல எனக்குப் புரிஞ்சது ஒண்ணு. எதிரி கண்ணுக்குத் தெரிஞ்சப்ப இல்லை, தகவல் நின்னு போனப்பதான் எல்லாரும் ஆடிப்போயிருக்காங்க. நடுராத்திரி நாம போனை எடுத்து எடுத்துப் பார்க்கறதும் இதே வியாதிதான். ஒண்ணும் வரலைன்னா நிம்மதியா? இல்லை, ஏன் வரலைன்னு அடுத்த கவலை.

ரெண்டாவது, சத்தமும் வெளிச்சமும்.

1750 செப்டம்பர் 11 ராத்திரி செஞ்சியில யாராவது கண் அசந்திருந்தா ஆச்சரியம்தான். ஃபிரெஞ்சு அதிகாரி புஸ்ஸி, சுமார் 250 ஐரோப்பியர்கள், 1200 சிப்பாய்களோடு வந்து, வெளியில நின்ன முகமது அலியின் படையை விரட்டினார். இருட்டினதும் ஊர்க் கதவை வெடி வைத்துப் பிளந்தார். மூணு மலையிலிருந்தும் பீரங்கி, துப்பாக்கி, ராக்கெட் வாணம். கீழே இருந்தும் பதில். விடியறதுக்குள்ள மூணு மலையும் ஃபிரெஞ்சுக்காரங்க கையில். ஏழரை வருஷம் முகலாயரை நிக்கவெச்ச கோட்டை ஒரே ராத்திரியில போச்சு. காலையில வெளிச்சத்துல தாங்க ஏறின பாறையைப் பார்த்து, ஜெயிச்சவங்களே வியந்துபோனாங்கன்னு வரலாற்றாசிரியர்கள் எழுதறாங்க.

இன்னிக்கு நம்ம வீட்டுல பீரங்கி இல்லை. ஆனா தலைமாட்டுல போன் இருக்கு. ராத்திரி கண்ணுல விழற வெளிச்சம், தூக்கத்துக்கு நேரமாச்சுன்னு உடம்புக்குச் சொல்ற மெலடோனினைக் குறைக்கும். சாயங்காலம் ஆறு மணிக்குக் குடிச்ச காபியில இருக்கற கஃபீன் பாதி குறையவே அஞ்சு மணி நேரம் போல ஆகும். நான் ஏழு மணிக்குக் குடிப்பேன். ரெண்டு டம்ளர். அப்புறம் விட்டத்தைக் குறை சொல்லி என்ன பிரயோஜனம்?

மூணாவது, உடம்பு.

செஞ்சி வெயில் பத்தி எங்க ஊர்க்காரங்ககிட்ட கேளுங்க. பகல் முழுக்க வெயில் குடிச்ச பாறை ராத்திரி முழுக்க அதைத் திருப்பிக் கொடுக்கும். தூக்கம் வரணும்னா உடம்போட உள்சூடு கொஞ்சம் இறங்கணும். சித்திரை மாசம் செஞ்சியில அது எங்க இறங்குறது!

அதைவிடப் பெரிய விஷயம் காய்ச்சல். ஃபிரெஞ்சுக்காரங்க பத்து வருஷம் செஞ்சியை வெச்சிருந்தாங்க. ஒரு நேரத்துல 100 ஐரோப்பியர்களுக்கு மேல அங்கே வைக்கவே இல்லையாம். ஆனா அந்தப் பத்து வருஷத்துல 1200 பேரைப் பறிகொடுத்தாங்கன்னு சொல்லப்பட்டதா ராபர்ட் ஓர்ம் எழுதி வெச்சிருக்கார். கர்நாடகத்துலயே உடம்புக்கு ஆகாத ஊர் இதுன்னு பேர். 1761ல் ஆங்கிலேயக் கேப்டன் ஸ்டீபன் ஸ்மித் வந்து சரணடையச் சொன்னப்ப, ஃபிரெஞ்சுத் தரப்புத் தளபதி மக்ரேகர், ஒரு லட்சம் பேரோட வந்தாலும் மூணு வருஷத்துல பிடிக்க முடியாதுன்னு பதில் சொன்னார். ஆனா ஏப்ரல் 5ஆம் தேதி அவரே சரணடைஞ்சார். அதுக்குள்ள ஆங்கிலேயர் பக்கமும் 300 சிப்பாய்கள் செத்திருந்தாங்க. காற்றும் தண்ணியும் சரியில்லைங்கறது ஓர்ம் சொல்ற காரணம்.

காற்றுமேல பழி போட்டது அந்தக் காலத்து வழக்கம். மலேரியாங்கற வார்த்தைக்கே இத்தாலிய மொழியில கெட்ட காற்றுன்னுதான் அர்த்தம். அது கொசுவோட வேலைன்னு ரொனால்ட் ராஸ் செகந்திராபாத்துல கண்டுபிடிச்சது 1897ல்தான். செஞ்சியில குளம், சுனைக்குப் பஞ்சமில்லை. அதனால அந்தக் காய்ச்சல் மலேரியாவா இருக்கும்ங்கறது என்னோட ஊகம். நிஜமா இருந்தா யோசிச்சுப் பாருங்க, மதில் மேல நின்னவன் மராட்டியனுக்கும் ஆங்கிலேயனுக்கும் கண் விழிச்சிருக்கான். எதிரி காதோரம் பாடிட்டே வந்து கடிச்சுட்டுப் போயிருக்கு.

சரி, கவலை, சத்தம், வெளிச்சம், காபி, வெக்கை, கொசு, காய்ச்சல். என் கதைக்கு வரேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ரிலீஸ். தொடர்ந்து மூணு ராத்திரி ஆன்-கால். நாலாம் நாள் போனை சைலண்ட்ல போட்டுட்டு கட்டை மாதிரி தூங்கினேன். காலையில பார்த்தா அம்மாகிட்டேர்ந்து பதினேழு மிஸ்டு கால். அப்பாவுக்கு நெஞ்சு வலி. பக்கத்து வீட்டு அண்ணன் அவர் கார்ல தூக்கிப் போட்டுட்டு ஓடியிருக்கார். அப்பா பிழைச்சுட்டார், இப்ப நல்லா இருக்கார். ஆனா அந்த ராத்திரிக்கு அப்புறம் நான் ஒழுங்கா தூங்கினது கிடையாது. போன் சத்தம் கேக்காம போயிடுமோன்னு பாதித் தூக்கத்துலயே இருப்பேன். ஊருக்கு வந்தா அப்பா மூச்சு கேக்குதான்னு காது அந்தப் பக்கமே இருக்கும்.

அன்னிக்கு ராத்திரி எழுந்து திண்ணைக்கு வந்தேன். கொஞ்ச நேரத்துல அப்பாவும் தண்ணி குடிக்க எழுந்து வந்தார்.

"ஏன்டா தூங்கல?"

"தூக்கம் வரலப்பா."

"என்னைப் பத்தியா?"

நான் ஒண்ணும் சொல்லலை. அப்பா பக்கத்துல உட்கார்ந்தார். அவர் முப்பது வருஷம் அரிசி மில்லுல நெல் அவிக்கிற வேலையில இருந்தவர். அது ராத்திரி வேலை.

"அடுப்புக்கு நாங்க ரெண்டு பேர்டா. அர்த்த ராத்திரி வரைக்கும் நான், அப்புறம் அவன். அவன் வந்து நின்னதும் நான் சாக்கு மேல படுத்துடுவேன். அதுக்கப்புறம் நெல்லு குழைஞ்சா அவன் பாடு. அப்படி விட்டாத்தான் மறுநாள் வேலைக்கு வர முடியும். நீ ஆளே மாத்தாம நிக்கிறியே?"

ஆளே மாத்தாம. எனக்குச் சுருக்குன்னு இருந்துச்சு.

அந்தக் காலத்துல ராத்திரியை நாலு ஜாமமாப் பிரிச்சாங்க. ஒரு ஜாமம் ஏழரை நாழிகை, அதாவது மூணு மணி நேரம். (இங்கயும் ஏழரை!) எந்தக் கோட்டையா இருந்தாலும் ஒரே ஆள் விடிய விடிய, வருஷக்கணக்கா நின்னுட முடியாது. ஒருத்தன் விழிச்சிருக்கறதே மத்தவன் தூங்கறதுக்குத்தான். காவல்ங்கற ஏற்பாட்டோட அர்த்தமே அதுதானே? நான் அதைத் தலைகீழாப் பண்ணிட்டு இருந்தேன்.

1987ல் ஸ்பீல்மன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் கூட்டாளிகளும் தூக்கமின்மைக்கு ஒரு விளக்கம் கொடுத்தாங்க. சிலருக்கு இயல்பிலேயே தூக்கம் கெடற வாகு இருக்கும். ஏதோ ஒரு சம்பவம் அதைக் கிளப்பிவிடும். அந்தச் சம்பவம் முடிஞ்சு போனாலும், அதைச் சமாளிக்க நாம பழகின பழக்கங்களே தூக்கத்தைத் தொடர்ந்து கெடுக்கும். சீக்கிரமே போய்ப் படுக்கறது, படுக்கையிலேயே புரண்டுட்டு மணி பார்க்கறது, பகல்ல தூங்கி ஈடுகட்டறது எல்லாம் இந்த ரகம். எங்க ஊர் பாஷையில சொன்னா, படை போய் ரெண்டு வருஷம் ஆச்சு, நான் இன்னும் பாலத்தை எடுத்து வெச்சுட்டு மதில் மேல நிக்கறேன்.

அதுக்கப்புறம் சில மாற்றங்கள் பண்ணினேன். பக்கத்து வீட்டு அண்ணன் நம்பரை அம்மா போன்ல முதல் பட்டன்ல வெச்சேன். சென்னையில இருக்கற தங்கச்சிகிட்ட பேசி, வாரத்துல மூணு நாள் ராத்திரி அவ போன், மீதி நாள் என் போன்னு முறை போட்டோம். அம்மா, அப்பா நம்பர் மட்டும் சத்தமா அடிக்கற மாதிரி வெச்சு, போனை அறைக்கு வெளியே வெச்சேன். டாக்டர் சொன்னபடி, தூக்கம் வரலைன்னா எழுந்து போய் மங்கின வெளிச்சத்துல உட்கார்ந்து, கண் சொக்கும்போதுதான் படுக்கறேன். எப்ப தூங்கினாலும் காலை ஆறரைக்கு எழுந்துக்கறேன். காபி மத்தியானத்தோட சரி. மூணு வாரம் ஆச்சு. முழுசா சரியாயிடுச்சுன்னு சொல்ல மாட்டேன், நடுவுல ரெண்டு ராத்திரி பழையபடி ஆச்சு. ஆனா வாரத்துல நாலு நாளாவது தூங்கறேன். மாசக்கணக்கா தூக்கம் இல்லாதவங்க, குறட்டையோட மூச்சும் நின்னு நின்னு வரவங்க, கோட்டை கதை படிச்சுட்டு உட்காராம டாக்டரைப் பாருங்க.

செஞ்சிக்கு அப்புறம் என்ன ஆச்சுன்னு சொல்லலையே. 1780ல் ஹைதர் அலி கடைசியா ஒரு தடவை உலுக்கினார். அதோட போர்க்காலம் ஓஞ்சது. 1803ல் தென்னாற்காடு கலெக்டர் மதிலை இடிச்சிடலாம்னு அரசாங்கத்துக்கு எழுதினார். நல்லவேளை, யாரும் இடிக்கலை. காவல்காரங்க மட்டும் இறங்கிப் போயிட்டாங்க. மதில் அப்படியேதான் நிக்குது.

கிளம்பற அன்னிக்குக் காலையில அப்பாவும் நானும் ராஜகிரி அடிவாரம் வரைக்கும் நடந்தோம். மேல ஏற அவருக்கு டாக்டர் அனுமதி இல்லை. கல்யாண மஹால் நிழல்ல உட்கார்ந்தோம். அப்பா துண்டை விரிச்சுப் படுத்தவர் அஞ்சே நிமிஷத்துல தூங்கிட்டார். குரங்கு ஒண்ணு எங்க தண்ணி பாட்டிலை எடுத்துட்டுப் போச்சு. நான் துரத்தலை. கொஞ்ச நேரத்துல எனக்கும் கண் அசந்துருச்சு.