மரத்தால் பெயர் பெற்ற ஊரும் வலைக்குள் நிற்கும் மரமும்

தெம்பனிஸ் என்பது ஒரு மரத்தின் பெயர். வைரம் பாய்ந்த அம்மரம் முன்னாளில் சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில் மிகுந்திருந்தமையால் ஊருக்கும் அப்பெயர் அமைந்தது என்பர். இன்று அங்கே அடுக்குமாடி வீடுகளும் கணினித் தரவு மையங்களும் ஓங்கி நிற்கின்றன. கணினிகளைப் பிணைக்கும் சுவிட்சுகள் பல கூடும் இடங்களில், கண்ணுக்குப் புலனாகாத வேறொரு மரமும் நிற்பதுண்டு. அதனை ஆங்கிலத்தில் ஸ்பேனிங் ட்ரீ என்பர். நாம் அளாவு மரம் எனலாம்.

அம்மரம் எதற்கு? ஒரு கம்பி அறுந்தால் மற்றொன்று உதவட்டும் எனக் கருதி, சுவிட்சுகளுக்கிடையே இரண்டு மூன்று வழிகள் அமைப்பர். நன்மை கருதிய அச்செயலே தீங்காவதும் உண்டு. ஈதர்நெட் முறையில் செல்லும் செய்திக்கு ஆயுள் வரம்பு இல்லை. வழிகள் வளையமானால், எல்லாக் கணினிகளுக்குமென விடுத்த ஒரு செய்தி சுற்றிச் சுற்றிப் பெருகி, வலை முழுவதையும் அடைத்துவிடும்.

வளையமின்றி எல்லா இடங்களையும் இணைப்பது எங்ஙனம் என்னும் வினா கணினிக்கு முற்பட்டது. மொராவியா நாட்டு ஊர்களுக்குச் சிக்கனமாக மின்கம்பி இழுக்கும் வழியை ஆராய்ந்த ஒட்டகார் பொரூவ்கா 1926-இல் ஒரு விடை கண்டார். 1985-இல், அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் அம்மையார், கருவிகள் தாமே தம்முள் செய்தி பரிமாறி மரம் அமைத்துக்கொள்ளும் முறையை வகுத்தார். அதனை விளக்கக் கவிதையொன்றும் இயற்றினார் என்பது தமிழாசிரியர்க்கு உவப்பூட்டும் செய்தி. 1990-இல் அம்முறை பொதுத்தரமாயிற்று.

முதற்கண் ஒரு சுவிட்ச் வேராகும். முன்னுரிமை எண் குறைந்ததே வேர். எல்லாவற்றிலும் ஆலையில் இட்ட 32768 என்னும் எண்ணே இருப்பின், முகவரி எண் குறைந்தது வேராகும். மூலையில் கிடக்கும் பழைய சுவிட்சுக்கும் அப்பதவி வாய்த்துவிடலாம். ஆதலின், நடுவிலுள்ள வலிய சுவிட்சுக்கு 4096 போன்ற சிறிய எண்ணை அமைப்பவரே இடுதல் வேண்டும். பின்னர் ஒவ்வொரு சுவிட்சும் வேரை அடையச் செலவு குறைந்த வழியைக் கொள்ளும். வளையம் உண்டாக்கும் பிற வழிகள் அடைபடும். அடைபட்ட வழி அழிந்ததன்று, காத்திருப்பது. திறந்த வழி கெட்டால் அது திறக்கும். பழைய முறையில் இதற்கு 30 முதல் 50 நொடி வரை செல்லும். 2001-இல் வந்த விரைவு முறை அதனைச் சில நொடிகளாகச் சுருக்கிற்று.

2002 நவம்பரில் பாஸ்டன் நகரத்துப் பெத் இஸ்ரேல் டீக்கனஸ் மருத்துவமனையின் வலை நிலைகுலைந்தது. ஒரு கோடிக்கும் மறுகோடிக்கும் இடையே ஏழு சுவிட்சுக்கு மேற்படலாகாது என்னும் வரம்பைக் கடந்து அது வளர்ந்திருந்தது. ஏறத்தாழ நான்கு நாள் மருத்துவர்கள் காகிதத்தையே நம்பிப் பணியாற்ற நேர்ந்தது. வேரை நோக்காது கிளையைப் பெருக்கியதன் விளைவு அது. தெம்பனிஸிலாயினும் பாஸ்டனிலாயினும், புதிய சுவிட்ச் ஒன்றைப் பொருத்துவோர் முதலில் வினவ வேண்டுவது, "இவ்வலைக்கு வேர் எது?" என்பதே.